கூப்பேயா, குடும்பக் காரா? திருகோணமலையில் கார் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உவர்மலையில் வசிக்கும் நான் ஆறு ஆண்டுகள் இரு கதவுக் கூப்பே ஒன்றை வைத்திருந்தேன். இரண்டாவது பிள்ளை பிறந்த ஆண்டில் அதை விற்றுவிட்டு நான்கு கதவுச் செடான் ஒன்றை வாங்கினேன். இரண்டு கார்களையும் மனதார நேசித்தவன் என்பதால், கார் வாங்க எண்ணும் உறவினர்களும் அயலவர்களும் என்னிடம் வந்து ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லி வந்த பதில்களைச் சற்று விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

கூப்பே என்பது சரியாக எந்தக் கார்? இரண்டு கதவுகள் இருந்தால் போதுமா?

'வெட்டப்பட்டது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. எதிரெதிரே அமர்ந்து பயணிக்கும் நீண்ட குதிரை வண்டியின் ஒரு பக்க இருக்கையை வெட்டி நீக்கிக் குறுக்கிச் செய்த வண்டியை முதலில் அப்படி அழைத்தார்கள். மோட்டார் காருக்கு வந்த பின்னரும் பொருள் பெரிதாக மாறவில்லை. கூரை பின்புறமாகச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவுக்கு இடம் கொடுப்பதற்காகப் பின் இருக்கை சுருங்கும். அமெரிக்க வாகனப் பொறியியலாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.ஈ, பின் பகுதியின் உள்ளளவு 33 கன அடிக்கு, அதாவது ஏறத்தாழ 0.93 கன மீற்றருக்குக் குறைவாக உள்ள நிலையான கூரைக் காரையே கூப்பே என வரையறுத்தது. அந்த அளவுகோல் கதவுகளை எண்ணவில்லை, பின்னால் இருப்பவருக்கு மிஞ்சும் இடத்தையே அளந்தது என்பதைக் கவனியுங்கள். மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 2004 இல் சீ.எல்.எஸ் என்ற நான்கு கதவுக் காரைக் கூப்பே என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பிறகு சொல்லின் எல்லை தளர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் நான் கூப்பே என்று சொல்வது, இலங்கையில் அவ்வப்போது விற்பனைக்கு வரும் ஹொண்டா சீ.ஆர்-செட், டொயோட்டா 86, மஸ்டா ஆர்.எக்ஸ்-8 போன்ற கார்களையே.

பின்னாலும் இருக்கை இருக்கிறதே. பிள்ளைகளை அதில் இருத்தினால் போதாதா?

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு நேர்மையான பதில் கிடைத்துவிட்டால் மற்றக் கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும்.

கூப்பேகளின் பின் இருக்கை பெரும்பாலும் சட்டத்துக்கும் காப்புறுதிக்கும் கணக்குக் காட்டுவதற்கான இருக்கை. ஹொண்டா சீ.ஆர்-செட் காரை ஜப்பானில் சிறிய பின் இருக்கைகளுடன் விற்ற அதே நிறுவனம், அமெரிக்காவில் அந்த இருக்கைகளை நீக்கிவிட்டு இருவர் காராக விற்றது. செய்தவர்களே அந்த இடத்தை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆர்.எக்ஸ்-8 இதற்கு ஓரளவு விதிவிலக்கு. அதன் பின்புறத்தில் எதிர்த்திசையில் திறக்கும் சிறு கதவுகள் இரண்டு இருப்பதால் வளர்ந்தவர்களும் ஒருவாறு ஏறி அமரலாம்.

குழந்தை இருக்கும் வீட்டில் சிக்கல் வேறு விதமாக வரும். கைக்குழந்தைக்கான இருக்கை பின்னோக்கிப் பொருத்தப்பட வேண்டும். அதற்கு முன் இருக்கையின் முதுகுக்கும் பின் இருக்கைக்கும் இடையே நல்ல இடைவெளி வேண்டும். கூப்பேயில் அந்த இடைவெளியைப் பெற முன் இருக்கையை மிகவும் முன்னால் தள்ள வேண்டியிருக்கும். அப்போது முன்னால் இருக்கும் தாயின் முழங்கால் டாஷ்போர்டில் முட்டும். அதற்குப் பயந்து குழந்தை இருக்கையை முன்னால் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இயங்கும் நிலையில் உள்ள காற்றுப்பை முன்னால் இருக்கும்போது பின்னோக்கிய குழந்தை இருக்கையை அங்கே ஒருபோதும் வைக்கக் கூடாது, ஏனெனில் மோதலில் விரியும் பை நேராகக் குழந்தையின் தலைப்பகுதியைத் தாக்கும்.

என் மூத்த மகளை ஒவ்வொரு காலையும் பாலர் பாடசாலைக்குக் கொண்டுசென்ற நாட்களில், முன் இருக்கையை மடித்து, இடுப்பை வளைத்து உள்ளே நுழைந்து, அவளுடைய பட்டியைப் பூட்டிவிட்டு வெளியே வருவதற்குள் மழை என்றால் என் முதுகு முழுவதும் நனைந்துவிடும். ஒரு பிள்ளையோடு அதைச் சமாளித்தேன். இரண்டு பிள்ளைகளோடு சமாளிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த எட்டு மாதங்களும் வீண்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சரிந்த பின் கண்ணாடி வழியாக நம் ஊரின் வெயில் நேரே பின் இருக்கையில் இருப்பவரின் தலையில் விழும். கச்சான் காற்று அனலாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில், பின்னால் குளிரூட்டி வாய் இல்லாத காரில் குழந்தையை இருத்துவது வேதனையான காரியம்.

அம்மம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிச் செல்லலாமா?

முன் இருக்கையில் என்றால் கூட்டிச் செல்லலாம், ஆனால் எழுந்து வருவதற்குக் கை கொடுக்க ஒருவர் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, அமரும்போது இருக்கை அவர்களின் இடுப்புக்கு ஏறத்தாழச் சமமான உயரத்தில் இருப்பதே நல்லது. வாகன்-ஆர் போன்ற உயரக் கூரைச் சிறு கார்கள் முதியோர் உள்ள வீடுகளில் இவ்வளவு விரும்பப்படுவதற்கு எரிபொருள் சிக்கனத்தைப் போலவே இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கூப்பேயில் தரையை நோக்கி இறங்கி அமர வேண்டும்.

நம்முடைய வீதிகளுக்குத் தாழ்ந்த கார் ஒத்துவருமா?

பிரதான வீதிகளில் ஒத்துவரும். கந்தளாய், ஹபரண வழியாகச் செல்லும் ஏ-6 வீதியும், ஹொறவப்பொத்தானை ஊடாக அனுராதபுரம் செல்லும் ஏ-12 வீதியும் தாழ்ந்த காருக்குப் பெரும் தடையாக இருப்பதில்லை. பழைய காலத்தில் கிண்ணியாவுக்குப் போகப் படகுப் பாதைக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான், 2009 இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான பாலத்தில் நிறுத்தாமல் ஓடும் சுகம் தெரியும். தொல்லை தொடங்குவது பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பும் இடத்தில்தான்: நிலாவெளியிலும் சாம்பல்தீவிலும் கடற்கரையை நோக்கிப் போகும் மணல் ஒழுங்கைகள், மாரி மழைக்குப் பிறகு விளிம்பு உடைந்து கிடக்கும் உள்வீதிகள், வீட்டு வாசலின் உயரமான சாய்தளங்கள், அளவு பார்க்காமல் போடப்பட்ட வேகத்தடைகள்.

இதில் ரயரின் பங்கைப் பலர் கவனிப்பதில்லை. டொயோட்டா 86 காரில் வரும் 215/45 ஆர்17 என்ற அளவில், 45 என்பது ரயரின் அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை வீதம் என்பதைக் குறிக்கும். ஆகவே சுவரின் உயரம் ஏறத்தாழ 97 மில்லிமீற்றர். சாதாரணக் குடும்பக் காரில் காணப்படும் 185/65 ஆர்15 ரயரில் அது ஏறத்தாழ 120 மில்லிமீற்றர். இந்த 23 மில்லிமீற்றர் வித்தியாசம் காகிதத்தில் சிறிதாகத் தெரியும். குழியில் விழும்போது ரிம் வளைவதா, ரயர் தாங்கிக்கொள்வதா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். நான் கூப்பேயை வைத்திருந்த ஆறு ஆண்டுகளில் இரண்டு ரிம்களை நேராக்கக் கொடுத்தேன். செடானில் இதுவரை ஒன்றும் வளையவில்லை.

விலங்குகளைப் பற்றியும் எண்ணிப் பாருங்கள். நகரத்துக்குள் மான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. கோட்டை வாசல் பக்கம் இரவில் அவை படுத்தே கிடக்கும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டிய பிறகு யானைகள் வீதியைக் கடக்கும். தாழ அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு முன்னால் போகும் லொறியைத் தாண்டி எதுவும் தெரியாது. எதிர்வரும் விளக்கொளியும் நேராகக் கண்ணில் அடிக்கும். ஆகவே எந்தக் கார் என்றாலும் அந்தப் பகுதியைப் பகலில் கடப்பதையே நான் விரும்புவேன். கூப்பே என்றால் அதைக் கட்டாயமாகவே சொல்வேன்.

கடற்காற்றில் எந்த வகைக் கார் விரைவில் துருப்பிடிக்கும்?

வகையைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை, பராமரிப்பைப் பொறுத்தே மாறும். வாடைக் காற்றுக் காலத்தில் உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர இடங்களில் நிறுத்தும் காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும். கூப்பேயின் அடிப்பாகம் தாழ்ந்திருப்பதால் மணலும் உப்பும் ஒட்டிய ஈரம் உலரத் தாமதமாகும் என்பது மட்டுமே சிறு வேறுபாடு.

வேகமான காரை வாங்கி இங்கே என்ன செய்வது?

நகருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100 என்பதே கார்களுக்கான எல்லை. திருகோணமலைக்கு அதிவேக நெடுஞ்சாலை இல்லை. கொழும்பு போகும்போது குருநாகலில் ஏறி மீரிகம வரைதான் அந்த வேகத்தை நாம் காண்கிறோம். வேகத்துக்காகக் கூப்பே வாங்குவதற்கு இங்கே இடமே இல்லை.

ஆனால் கூப்பேயை நேசிப்பவர்கள் உண்மையில் வேகத்தை நேசிப்பதில்லை என்பது என் அனுபவம். டொயோட்டா 86 காரின் 2 லீற்றர் இயந்திரம் தட்டையாகப் படுத்திருக்கும் வகையைச் சேர்ந்தது. அதனால் காரின் பாரம் தரைக்கு அருகில் இறங்கி, வளைவில் திருப்பும்போது உடல் சாயாமல் சக்கரங்கள் கேட்டபடி திரும்பும். மணிக்கு 50 கிலோமீற்றரிலேயே அந்த இன்பம் கிடைக்கிறது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு உட்துறைமுக வீதியில், தண்ணீர் அசையாமல் கிடக்க, மூன்றாம் கியரில் மெதுவாகப் போன நாட்களை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அதை வீண் ஆடம்பரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உழைத்த காசில் அழகான பொருளொன்றை வைத்துப் பேண விரும்புவது நியாயமான ஆசை. அந்த ஆசைக்காக வேறொருவர் நாள்தோறும் சிரமப்பட வேண்டியிருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

விலையும் வரியும் எப்படி?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பெற்றோல் கார்களுக்கான உற்பத்தி வரி, இயந்திரக் கொள்ளளவின் ஒவ்வொரு கன சென்ரிமீற்றருக்கும் இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. கொள்ளளவு கூடக்கூட அந்த வீதமும் ஏறுகிறது. 660 கன சென்ரிமீற்றர் இயந்திரமுள்ள வாகன்-ஆருக்கும் 2000 உள்ள கூப்பேக்கும் இடையிலான இடைவெளி வரியில் பலமடங்காகப் பெருகுவது இதனால்தான். அதற்கு மேல் 18 வீதப் பெறுமதி சேர் வரி வரும். எனவே பெரும்பாலானோருக்குக் கூப்பே என்றால் ஏற்கனவே நாட்டில் ஓடும் பழைய காரையே வாங்குவதாக அமையும்.

பழைய கூப்பேயை வாங்கும்போது பேரம் பேச இடமுண்டு, ஏனெனில் வாங்குவோர் குறைவு. விற்கும்போதும் அதே காரணம் உங்களுக்கு எதிராக நிற்கும். டொயோட்டாவின் அக்சியோ, பிறீமியோ போன்ற செடான் என்றால் அறிவித்த வாரத்திலேயே தொலைபேசி ஓயாமல் அடிக்கும். என் கூப்பேக்கு ஒழுங்கான ஒருவர் கிடைக்க ஐந்து மாதங்கள் சென்றன, அவரும் குருநாகலில் இருந்து வந்தவர். அவசரத்துக்குக் காரை விற்றுக் காசாக்க வேண்டிய நிலை வரக்கூடிய குடும்பம் இதை முதலில் எண்ண வேண்டும்.

உதிரிப்பாகங்கள் கிடைக்குமா?

இயந்திரப் பாகங்களையும் உடற்பாகங்களையும் பிரித்துப் பாருங்கள். சீ.ஆர்-செட் போன்ற காரில் 1.5 லீற்றர் இயந்திரமும் ஹைபிரிட் அமைப்பும் அதே நிறுவனத்தின் வேறு கார்களோடு உறவுள்ளவை. அறிந்த மெக்கானிக் ஒருவர் சமாளிப்பார். கதவு, பின் கண்ணாடி, விளக்கு, பம்பர் ஆகியவை அந்தக் காருக்கு மட்டுமே உரியவை. மத்திய வீதியில் ஓட்டோ ஒன்று கதவில் உரசினால், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்து வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். கொரொல்லா வகைக் காருக்கு அதே கதவு மறுநாள் பேருந்தில் ஏற்றி அனுப்பப்படும்.

ஆர்.எக்ஸ்-8 பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அதன் சுழல் இயந்திரம் அமைப்பிலேயே ஒயிலைச் சிறிது சிறிதாக எரிக்கும். ஒயில் அளவைத் தவறாமல் பார்க்காவிட்டால் உள்ளே அமுக்கம் கசியாமல் தடுக்கும் சீல்கள் தேய்ந்து, அமுக்கம் குறைந்து, இயந்திரமே கைவிட்டுவிடும். விலை மலிவாகத் தெரிகிறதே என்று அதைத் தொடாதீர்கள். சுழல் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிய கை ஒன்று அருகில் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

எரிபொருள்?

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூ.ஆர் அட்டைக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று காருக்கு அளந்து கொடுத்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காரில் அந்த 20 லீற்றர் 240 கிலோமீற்றருக்குத்தான் போதும். கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. லீற்றருக்கு 20 ஓடும் ஹைபிரிட் குடும்பக் காரில் 400 கிலோமீற்றர் போகலாம். நோயாளியை அவசரமாகக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டிய வீடுகளுக்கு அந்த வித்தியாசம் என்னவாக இருந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

பழைய காரைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கூப்பே என்றால் முதலில் யார் என்ன மாற்றினார் என்று பாருங்கள். ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்தியிருந்தால், ஷொக் அப்சோபர்கள் ஏற்கனவே ஓய்ந்திருக்கும். சைலன்சர் மாற்றப்பட்டிருந்தால் புகைப் பரிசோதனையில் தேறியதா என்று கேளுங்கள். இருக்கை தாழ்வாக இருப்பதால் ஏறி இறங்கும் பக்கத்துத் துணியும் கதவுப் பிணைச்சலும் முதலில் தேயும். கதவு நீளமானது, பாரமானது என்பதால் திறந்து சற்று மேலே தூக்கிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் தெரியும்.

எந்தக் காராக இருந்தாலும் வெள்ளத்தில் நின்றதா என்பதைப் பாருங்கள், குறிப்பாக 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்துக்குப் பிறகு. சீற் பெல்ற்றை முழுவதுமாக வெளியே இழுத்தால், கழுவப்படாத அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். கால்விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். முன் இருக்கை ஓடும் தண்டவாளத்திலும், இருக்கைக்கு அடியிலுள்ள ஆணிகளிலும் துரு இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஹைபிரிட் கார் என்றால், பின் இருக்கைப் பக்கமுள்ள பற்றரிக் காற்று வாயில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊரின் வெப்பத்தில் அது அடைபட்டால் பற்றரியின் ஆயுள் குறையும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடையாதா?

உண்டு. ஹொண்டா ஃபிட் ஆர்.எஸ், சுசுகி ஸ்விஃப்ட், மஸ்டா அக்செலா போன்றவை ஓட்டுவதற்கும் உயிர்ப்பானவை, நான்கு பேரையும் ஏற்றும். அதிலும் ஃபிட் காரில் பெற்றோல் தாங்கி முன் இருக்கைகளின் கீழே வைக்கப்பட்டிருப்பதால், பின் இருக்கையின் அடிப்பலகையை மேலே மடித்துச் சைக்கிளையோ பூச்சாடியையோ நிமிர்த்தி வைக்கலாம். யாழ்ப்பாணத்துக்குப் போய் மூட்டை முடிச்சோடு திரும்பும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி.

கூப்பே வடிவத்தில் கூரை சரிந்த உயரமான எஸ்.யூ.வி கார்களையும் சிலர் நடுவழி என்று எண்ணுகிறார்கள். எனக்கு அவற்றில் விருப்பமில்லை. கூப்பேயின் தாழ்வும் சமநிலையும் அவற்றில் இல்லை, டிக்கியின் உயரமும் சரிவில் போய்விடுகிறது. அழகின் பெயரால் இரண்டு பக்கமும் இழப்பு.

மணமாகவில்லை, தனியாக இருக்கிறேன். இப்போது கூப்பே வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள், லீசிங் இல்லாமல் வாங்க முடியுமென்றால். ஐந்து ஆண்டு லீசிங்கில் எடுத்தால், அதற்குள் வீட்டின் நிலை மாறும்போது கடனும் முடியாமல் காரும் விலைபோகாமல் நடுவில் அகப்படுவீர்கள். பெற்றோரை வாரந்தோறும் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லும் பொறுப்பு உங்களுடையது என்றால் மட்டும் பின்வரும் பதிலையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டில் நானும் மனைவியும் உடன்படவில்லை. எப்படித் தீர்மானிப்பது?

ஒரு மாதத்துக்குச் சிறு குறிப்புப் புத்தகம் ஒன்றை வையுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் பின்னால் எத்தனை பேர் இருந்தார்கள், அல்லது கார் இருந்திருந்தால் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டக்களப்பு போகும் பயணத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அன்று வான் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். நாளாந்தம் பாடசாலை, சந்தை, கோயில், மருத்துவர் என்று போகும் பயணங்களே கணக்கு. பின்னால் ஆள் இருந்த நாட்கள் நான்கைத் தாண்டினால், என்னைக் கேட்டால் நான்கு கதவுகளே வேண்டும்.

அதன் பிறகு, மனதில் பிடித்த காரைக் குடும்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். விற்பவர் காட்டும் நேரான வீதியில் தனியே ஓட்டிப் பார்த்து எந்தப் பயனும் இல்லை. கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயில் வரை ஏறுங்கள். திரும்பி வந்து சந்தைப் பக்கம் இரண்டு வாகனங்களுக்கு இடையில் நிறுத்திக் கதவு எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். நிலாவெளி வரை போய் மணல் ஒழுங்கை ஒன்றில் திரும்புங்கள். போகும்போது நீங்கள் ஓட்டினால், வரும்போது சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் ஏறி அமருங்கள். வீடு வந்து இறங்கியதும் இருவரும் பேசத் தொடங்கலாம்.